எழுந்திருக்காதவன் ஏறிய மலை

"ஐயோ... காஸ்பரு!"

ராஜகிரி அடிவாரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ராஜம்மாள் போட்ட அலறலில், மேலே செஞ்சிக் கோட்டைக்குள் இருந்த குரங்குகள்கூட ஓடிப்போயின.

பாறைகளுக்கு நடுவே மல்லாந்து கிடந்தான் காஸ்பர். பின்மண்டை உடைந்திருந்தது. பக்கத்தில், துண்டில் முடிந்த ஒரு மூட்டை.

1947, செப்டம்பர். சுதந்திரம் வந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து செஞ்சிக்கு மாற்றலாகி வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் ஜெயராமன், காலை பத்து மணிக்குப் பிணத்தைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து மலையைப் பார்த்தார்.

விழுந்தானா? குதித்தானா? தள்ளினார்களா?

காஸ்பர், பெட்ரோலுக்குப் பதில் கரியை எரித்து ஓடும் கரி கேஸ் பஸ் ஓட்டிய டிரைவர். முப்பத்தைந்து வயது. எட்டு மாதத்துக்கு முன்பு ஒருநாள் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்தவன்தான். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. வீட்டில் காய்ச்சல் இல்லை, சண்டை இல்லை, சாவு இல்லை. குடிக்கிற தண்ணீரைக்கூட மனைவி இருதயமேரிதான் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஊர் அவனுக்கு வைத்த பேர் சோம்பேறி. நரம்பில்லாத நாக்கு எதையும் பேசும் அல்லவா?

அப்படிச் சொல்லாதவர் ஒரே ஒருவர்... டாக்டர் ராமகிருஷ்ணன்.

மனநோய் படித்தவர். எதிலும் ஆசை அற்றுப்போனவர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் பட்டணத்திலிருந்து வந்திருந்தார். தினமும் காலையில் காஸ்பரிடமிருந்து பத்தடி தள்ளி ஒரு டம்ளர் காபியை வைப்பார். எழுந்து வர எத்தனை நிமிடம் என்று நோட்டில் எழுதுவார். நூறு நாளில் காஸ்பர் எழுந்தது மூன்றே முறை.

"கையில கொடுத்தா ரசிச்சுக் குடிப்பார் சார். ருசி சாகலை. அதுக்காக எழுந்து போற தெம்புதான் மனசுல செத்துப்போச்சு. அவர் தானா மலை ஏறினார்னா நான் நம்ப மாட்டேன். யாரோ கூட்டிட்டுப் போயிருக்கணும்."

கொலை!

ஆனால் ஊர் ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டது. தற்கொலை! அதைக் கேட்டு, பங்குச் சாமியார் அருளானந்தம் ஸ்டேஷனுக்கே வந்துவிட்டார். நல்ல மனிதர். கண்கலங்கித்தான் சொன்னார். தற்கொலை என்றால் கோயில் மணி அடிக்கக் கூடாது. பூசை கூடாது. கல்லறைத் தோட்டத்தில் புதைக்கவும் கூடாது. அந்தச் சட்டம் அவர் போட்டதல்ல. சாயங்காலத்துக்குள் போலீஸ் ஒரு முடிவு சொல்லவேண்டும். அதற்கு மேல் உடம்பு தாங்காது.

கல்லறை வேலிக்கு உள்ளேயா, வெளியேயா? எட்டு மாதம் அவனுக்குச் சோறு ஊட்டியவளுக்கு மிச்சமிருந்தது அந்த ஒன்றுதான்.

இருதயமேரி அழவில்லை. ஜெயராமனின் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"நான்தாங்கய்யா கொன்னுட்டேன். எழுதிக்குங்க."

ஜெயராமன் பேனாவைத் தொடவில்லை. கொலை செய்யப்பட்டவனுக்குக் கல்லறையில் இடம் உண்டு. அதற்காகத் தன் கழுத்தைக் கயிற்றுக்குக் கொடுக்க வந்திருக்கிறாள் என்று நினைத்தார். எப்படிக் கொன்றாய் என்று கேட்டதற்கும், எழுதிக்குங்க என்றே திரும்பச் சொன்னாள். விடிந்ததிலிருந்து அவள் வேர்க்கடலைக் கொல்லையில் களையெடுத்துக்கொண்டிருந்தாள். பார்த்த சாட்சிகள் பதினாறு பேர்!

மூட்டையை அவிழ்த்தார். பதினோரு சீத்தாப்பழம். அழுத்திப் பார்த்தார். கல்!

தஞ்சாவூர்க்காரருக்கு வாழை தெரியும், சீத்தா தெரியாது. பஸ் ஸ்டாண்டில் சீத்தாப்பழம் விற்கும் பவுனம்மாளை அழைத்துவரச் சொன்னார்.

"இது காயி சார்," என்றாள் பவுனம்மாள். "ஒவ்வொண்ணையும் தோலுல கண்ணு தொறந்து முத்திக்குதான்னு பாத்துப் பறிச்சுக்கீறாரு. பழமா பறிச்சா வூட்டுக்கு வர்றதுக்குள்ள நசுங்கிப்பூடும். இத்த அரிசிப் பானையில வச்சா மூணாம் நாளு பழுக்கும்."

"இன்னிக்கே சாப்பிட முடியாதா?"

"இன்னிக்குத் துன்னா பல்லு போயிடும்."

ஜெயராமன் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார்.

மூன்றாம் நாள் பழுக்கும் காயைத் தேடித் தேடிப் பறிப்பவன் இன்றைக்குச் சாகப் போகிறவனா? இல்லவே இல்லை!

மறுபடியும் மலைக்கு ஓடினார். விடியற்காலை பெய்த மழையில் பாறை நனைந்திருந்தது. பாசியில் நீளமாக ஒரு சறுக்கல். மேலே ஏறிப் போன கால்தடம் ஒருவனுடையது மட்டும்தான்.

கொலையில்லை. தற்கொலையில்லை. விபத்து!

சேதி கேட்ட சாமியார் ஆளனுப்பவில்லை. தானே போய் மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்தார்.

இருதயமேரியிடம் சொல்ல ஜெயராமனே போனார். டாக்டரும் கூடப் போனார். சொல்லி முடித்ததும்தான் அவள் உடைந்தாள்.

"நான்தான் கொன்னேன்னு அப்பவே சொன்னேனேய்யா..."

தனக்காக எழாதவன் இன்னொருவருக்காக எழலாம், ஏதாவது கேட்டுப் பாருங்கள் என்று டாக்டர் அவளிடம் ஒருதரம் சொல்லியிருந்தார். அவள் நாலு நாள் யோசித்தாள். கல்யாணமாகிப் பத்து வருஷம். பிள்ளை இல்லை.

"நாளு தள்ளிப்போச்சுன்னு சொன்னேன்யா. வாந்தியா வருது, மலையில வெளையுற சீத்தாப்பழம்தான் வோணும்னேன். வாசப்படி வரைக்கும் எழுந்து வந்தாலே போதும்னு நெனச்சேன். அவரு சிரிச்சாருய்யா. எட்டு மாசத்துல மொத தடவ சிரிச்சாரு. நான் கொல்லைக்குக் கெளம்பறதுக்குள்ள துண்ட எடுத்துத் தோள்ல போட்டுக்கினாரு."

ஜெயராமன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அப்போ... குழந்தை?"

"இல்லீங்கய்யா. பொய்யி."

டாக்டர் ராமகிருஷ்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். படித்தவர், ஊர் பார்க்கிறதே என்ற கூச்சம்கூட இல்லாமல் அழுதார். தன் மருந்து சரியாக வேலை செய்துவிட்டதற்காக அழுத டாக்டர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் காஸ்பரை வேலிக்கு உள்ளேதான் புதைத்தார்கள். சோம்பேறி என்று சொன்ன வாய்கள் அத்தனையும் வந்து ஆளுக்கொரு பிடி மண் போட்டன.

ஸ்டேஷனுக்குத் திரும்பும் வழியில் ஹெட் கான்ஸ்டபிள் ரங்கநாதன் மெல்ல இழுத்தார்.

"ஐயா... அந்தம்மா பொய் சொன்னது... அதுக்கு ஏதாவது செக்‌ஷன்?"

ஜெயராமன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தண்டனைச் சட்டத்துல ஐந்நூத்திப் பதினோரு செக்‌ஷன் இருக்குய்யா. புருஷன் நல்லாயிருக்கணும்னு பொண்டாட்டி சொல்ற பொய்க்கு அதுல ஒண்ணுகூடக் கிடையாது. இருந்திருந்தா, உங்க செஞ்சிக் கோட்டையையே ஜெயிலா மாத்தினாலும் இடம் பத்தாது!"