ஒன்றரை இஞ்ச் கூடுதல்

"வாசல் மரத்தை வெட்டிட்டாங்க சார். வெட்டச் சொல்லி மனு போட்டது நானாம்!"

தையல்காரம்மா அனுமதித் தாளை மேசைமேல் வைத்தார். கழுத்தில் அளவு டேப் தொங்கியது. அதைக் கழற்றக்கூடத் தோன்றாமல் வந்திருக்கிறார். வெளியே காலையிலிருந்து விடாத தூறல்.

துப்பறிவாளரை எல்லோரும் 'நிதானம்' என்பார்கள். அவருடைய உதவியாளப் பெண்ணுக்கு 'அவசரம்' என்று பெயர் வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. அதற்குள் தாளைப் பறித்து வாசிக்கத் தொடங்கியிருந்தாள்.

மரம் நின்றது நகராட்சி இடம். ஆனால் அந்த வாசலுக்குரிய வீட்டுக்காரர் பெயரில்தான் மனு போட முடியும். வீடு அம்மாவின் பெயரில். மனு கணினி வழியே போயிருந்தது, கையெழுத்து இல்லை. வெட்டக் காரணம், கிளை மின்கம்பியில் உரசுகிறதாம். மார்பு உயரத்தில் சுற்றளவு நாற்பத்தொன்றரை இஞ்ச். முப்பது நாளுக்குள் அதே இடத்தில் மனுதாரர் புதுக்கன்று நட வேண்டும் என்று அடியில் ஒரு நிபந்தனை.

"அளவுகூடப் பொய் சார். போன மாசம் நான் எடுத்தப்போ நாப்பதுதான்."

"மரத்தை எதுக்கும்மா அளந்தீங்க?" என்றார் நிதானம்.

"என் பொண்ணு நட்டது. ஏழு வயசுல நட்டா. அந்த வருஷமே காய்ச்சல்ல போயிட்டா. பதினாலு வருஷமா அவ பிறந்தநாளுக்குச் சட்டைக்கு எடுக்கற மாதிரி அதுக்கு அளவெடுப்பேன். ஒரு வாரம் அக்கா வீட்டுல இருந்துட்டு நேத்து வந்து பாக்கறேன், அடிக்கட்டைதான் நிக்குது." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எதிர்ல இருக்கற இரும்புக்கடைக்காரன்தான். போர்டை மறைக்குதுன்னு கத்துவான். சாயங்காலம் போலீஸ்ல எழுதிக் கொடுக்கப் போறேன்."

மூவரும் அம்மாவின் வாசலுக்குப் போனபோது, வெட்டிய துண்டுகள் இன்னும் தெருவோரம் கிடந்தன. இரும்புக்கடைக்காரர் பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

"கத்தினேன், இல்லேங்கல. கிளையைக் கழிச்சு விடுங்கன்னுதான் கத்தினேன். என் தலையை ஏன் உருட்டறீங்க?"

நிதானம் ஈரத்தில் மண்டியிட்டார். பெரிய துண்டின் அடிப்பக்கத்தில், தூறல் படாத பட்டைமேல், மெல்லிய நீலக் கோடு. அவசரம் அம்மாவின் டேப்பை வாங்கி அந்தக் கோட்டின் மேலேயே சுற்றினாள். சரியாக நாற்பது.

"மனுவுல எழுதினவன் அளக்கத் தெரியாத ஆளு சார்!" என்றாள் அவசரம்.

"அளக்கறதே தொழிலா இருக்கற ஆளும்மா," என்றார் நிதானம். குரலில் உற்சாகமே இல்லை.

எல்லோரும் அம்மாவின் வீட்டுக்குள் போனார்கள். முன்னறைதான் தையற்கடை. அம்மாவின் கணவர், கட்டிங் மாஸ்டர், தலை நிமிராமல் துணி வெட்டிக்கொண்டிருந்தார். மேசைமேல் தட்டையான நீலச் சாக்பீஸ்.

"இரும்புக்கடைக்காரர் அளந்திருந்தா நாப்பதை நாப்பதுன்னே எழுதியிருப்பார். உடம்பைச் சுத்தி அளவெடுத்து, லூஸ் சேர்த்து எழுதற பழக்கம் தையல்காரங்களுக்குத்தான். முதல்ல சாக்பீஸால கோடு போடறதும் அவங்கதான். வீட்டுல ரெண்டு பேர். அம்மா நாப்பதுன்னுதான் சொல்றாங்க. அவங்க ஊர்ல இல்லாத வாரமாப் பார்த்து வெட்ட வச்சது யாரு, மாஸ்டர்?"

கத்தரிக்கோல் நின்றது.

"அவ ஏழு வயசோட நின்னுட்டா சார். அது மட்டும் வளந்துக்கிட்டே இருந்துச்சு. ஒவ்வொரு வருஷமும் இவ வந்து, இத்தனை இஞ்ச் கூடியிருக்குன்னு சந்தோஷமாச் சொல்லுவா. என்னால தாங்க முடியல." கடைக்காரரைப் பார்த்தார். "உங்க மேல பழி வரும்னு சத்தியமா நெனைக்கல."

கடைக்காரர் வெளியேறினார்.

"பெரியவங்களுக்கு ஒரு இஞ்ச்தான் லூஸ் விடுவாரு சார்," என்றார் அம்மா. "ஒண்ணரை விடறது, வளர்ற புள்ளைங்களுக்கு."

மாஸ்டர் வெட்டிய துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

அம்மா டேப்பைச் சுருட்டி இழுப்பறையில் போட்டு மூடினார்.

"முப்பது நாளைக்குள்ள கன்னு நடணுமாம்," என்றார். "குழியை நீங்களே தோண்டுங்க."