ரிஜெக்ட் போட்ட பெரியப்பா

அந்தச் சனிக்கிழமை பென்னலூர் மாதா கோவில் கூடத்தில் இருந்தவர்கள்: ஜன்னலோரம் கிளியம்மாள். மின்விசிறிக்கு நேர் கீழே கோதண்டராமன். கதவோரம் செல்வநாதன், அவர் பக்கத்தில் அவருடைய தம்பி மகள் ஷாலின். நடுவில், உட்கார நேரமே இல்லாமல், கங்கா அக்கா.

மறதி நோய் வந்தவர்கள் வாரம் ஒருமுறை கூடிப் படம் வரையும் குழு அது. கங்கா அக்காதான் நடத்துகிறார். பெரியம்மாவுக்குச் சனிக்கிழமையும் ஷிஃப்ட். அதனால் பெரியப்பாவை அழைத்து வருவது ஐந்தாம் வகுப்பு ஷாலினின் பொறுப்பு.

கிளியம்மாள் ஒரு பூசணிக்காய் வரைந்து முடித்தார். பெரியப்பா எழுந்து போய்ப் பார்த்தார். சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் அதன் குறுக்கே பெரிய பெருக்கல் குறி போட்டார்.

"ரிஜெக்ட்!"

"யோவ், இன்னாய்யா பண்ற? என் பூசணிக்காயக் கெடுத்துட்டியே!" கிளியம்மாள் அழுதேவிட்டார்.

அடுத்து கோதண்டராமன் வரைந்த பஸ். அதற்கும் ரிஜெக்ட்.

"ஆளுங்க ஏறி உட்காந்துக்கினாங்க. இப்பப் போயி ரிஜெக்ட்டுன்றியே!" என்றார் அவர்.

கங்கா அக்கா ஷாலினை வெளியே அழைத்தார். "போன வாரமும் இதே கதைதான். கிளியம்மா வூட்டுல இனிமே அனுப்ப மாட்டோம்னு சொல்றாங்க. பெரியப்பாவக் கொஞ்ச நாளு வூட்டுலயே வச்சிக்கச் சொல்லும்மா."

வீட்டில் பெரியப்பா நாளெல்லாம் சுவரைப் பார்த்தபடி இருப்பார். சனிக்கிழமை மட்டும்தான் தானாகவே தலை வாரிக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையைக் கேட்பார்.

ஒரகடம் தொழிற்சாலையில் கார் பாகங்களைச் சோதிப்பதுதான் அவர் பார்த்த வேலை. காரணம் இல்லாமல் எதையும் ஒதுக்கமாட்டார் என்று அப்பா சொல்வாரே!

ஷாலின் உள்ளே ஓடினாள். "பெரியப்பா, இந்தப் பூசணிக்காயில இன்னா குறை?"

"குறையா? சூப்பரா கீது."

"அப்புறம் ஏன் ரிஜெக்ட்டு?"

"டேக் எங்க? யாரு செஞ்சது, எந்தத் தேதின்னு தெரிய வேணாமா? டேக் இல்லாத பொருள எப்படிம்மா பாஸ் பண்றது?"

ஷாலின் சுவரைப் பார்த்தாள். போன வாரப் படங்கள் தொங்கின. ஒன்றிலும் பெயர் இல்லை.

"அந்த ரயில எவனோ நல்லா வரைஞ்சிக்கிறான்" என்றார் கோதண்டராமன். அது அவரே வரைந்தது.

ஷாலின் அட்டையைச் சின்னச் சின்னதாக வெட்டினாள். கங்கா அக்காவிடம் கேட்டுக் கேட்டு, ஒவ்வொன்றிலும் பெயரும் தேதியும் எழுதினாள். பெரியப்பா அவற்றைப் படங்களில் ஒட்டி, பச்சை மையில் டிக் அடித்தார். "பாஸ்! பாஸ்!"

கிளியம்மாள் இன்னொரு பூசணிக்காய் வரைந்தார். கொஞ்ச நேரம் கழித்து அதில் ஒட்டியிருந்த அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தார். "கி...ளி...யம்மா. அடியே, இது நான் போட்டதா?"

"நீங்கதான் ஆயா."

"அப்ப வாலாஜாபாத்துல கீற என் பேத்திக்கு அனுப்புடி!"

கோதண்டராமன் தன் ரயிலை எல்லாரிடமும் காட்டிக்கொண்டிருந்தார். கங்கா அக்கா சிரித்தபடி வந்தார். "அடுத்த வாரமும் வந்துடுங்க சார். செக் பண்ண ஆளு வேணும்."

"ஓவர்டைம் உண்டா?"

"டீ உண்டு சார்."

பெரியப்பா யோசித்துவிட்டுத் தலையசைத்தார்.

ஷாலின் பூசணிக்காய்ப் படத்தை உறையில் போட்டு ஒட்டி, கங்கா அக்காவிடம் முகவரி கேட்டு எழுதி, ஸ்டாம்ப் ஒட்டினாள். வீட்டுக்குப் போகிற வழியில் தபால் பெட்டி வந்தது. பெரியப்பா உறையை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"ஸ்டாம்ப் கோணலா கீதே!"

"பேத்திக்குத்தான பெரியப்பா?"

அவர் ஸ்டாம்பையும் பார்த்தார், அவளையும் பார்த்தார்.

"சரி, பேத்திக்குன்றதால விடுறேன்" என்று சொல்லி, தன் கையாலேயே கடிதத்தைப் பெட்டிக்குள் போட்டார்.