வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

நாலு இரும்புப் பைப்பும் பத்துத் தகரமும் ஏற்றிய குட்டி யானை வண்டி, காலை எட்டு மணிக்கு நாரணாபுரத்துக் கடைசி வீட்டின் முன் வந்து நின்றது. வீட்டுக்காரன் சிவபாண்டி லோடை இறக்கிப் பின்பக்கம் கொண்டு போனான். அங்கே கூரை போட்ட சிமெண்டு மேடை ஒன்று இருந்தது. சாயங்காலம் காற்று வாங்கக் கட்டியது. அதில் உட்கார்ந்தால் கருவேலங்காட்டுக்கு அப்பால், பட்டாசுக் கம்பெனியின் கூரை போன ஒன்பதாம் நம்பர் ஷெட் தெரியும்.

உச்சி வெயிலில் அந்த ஷெட்டு வாசலில் நாலு பெண்கள் நின்று இந்த வீட்டையே பார்ப்பார்கள். அவன் கண்ணுக்கு மட்டும்தான் அது தெரியும்.

மறைப்புக்குப் பச்சை வலை கட்டினால் காற்றாவது வருமே என்று மனைவி அருணாதேவி கேட்டுப் பார்த்தாள். ஊசி நுழைய இடம் இருக்கக் கூடாது என்று அவன் ஒற்றைக் காலில் நின்றான். தாளில் படமே போட்டு வைத்திருந்தான். ஏழடி உயரம், மூன்று பக்கமும் தகரம், நாலாவது பக்கம் வீட்டுச் சுவர், துணி காயப்போடப் போய்வர ஒரு கதவு. இந்த வேலை முடிந்தால் நிம்மதியாக ஒரு வாய் சோறு இறங்கும் என்று நம்பினான். அவள் பின்கதவை உள்ளே தாழிட்டு, முன்வாசலைப் பூட்டிக்கொண்டு ஆமத்தூரில் ஒரு விசேஷத்துக்குப் பஸ் ஏறினாள்.

கதவில் கடைசி நட்டை முடுக்கி நிமிர்ந்தபோதுதான் கவனித்தான். தாழ்ப்பாளை வெளிப்பக்கம் வைத்திருந்தான்.

பதினெட்டு வருஷம் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். அங்கே ஷெட்டுகளுக்குத் தாழ்ப்பாள் வெளியில்தான். கை பழகிய இடத்திலேயே வைத்துவிட்டது. போன சீசனில், ஆர்டர் முடியவில்லையென்று, ஆள் வைக்கக் கூடாத அந்த ஒன்பதாம் நம்பர் ஷெட்டில் நாலு பெண்களை உட்கார வைத்தான். ஆபீசர் ஜீப் வந்ததும், ஆளில்லாத ஷெட் போலக் காட்ட வெளியே தாழ் போட்டான். ஜீப் கிளம்புவதற்குள் உள்ளே வெடிமருந்து தீப்பிடித்துக்கொண்டது. தாழ் போட்டதை அவன் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

தாழ்ப்பாளை உள்பக்கம் மாற்ற இடம் பார்க்க, ஸ்பேனரோடு உள்ளே போனான்.

கருமருந்து வாடை அடித்தது.

புதுத் தகரத்தின் உள்பக்கமெல்லாம் உள்ளங்கைத் தடங்கள். அலுமினியப் பொடி கலப்பவர்களின் கையில் ஒட்டுமே, அதே வெள்ளி நிறம்.

முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

தாழ்ப்பாள் விழுந்தது.

இரண்டு கையாலும் தகரத்தை அறைந்தான். அக்கம்பக்கத்தில் எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டான். அந்தப் பக்கம் மெல்லிய குரல் ஒன்று பேசியது. நாலு பேரில் மூத்தவள், மாரித்தாயின் குரல்.

“சத்தம் போடாம இருங்கண்ணே. பத்து நிமிசந்தான். ஆபீசர் போயிரட்டும்.”

அன்றைக்குத் தாழ் போடும்போது அவன் சொன்னதும் அதேதான்.

சாயங்காலம் அருணாதேவி வந்து திறந்தாள். அவன் மூலையில் குந்தியிருந்தான். தகரம் துடைத்ததுபோல் இருந்தது. அவனுடைய உள்ளங்கைகள்தான் வெள்ளியாக இருந்தன. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

“யாருங்க உங்கள உள்ள வச்சுப் பூட்டுனது?”

“நாந்தான்.”

மறுநாள் காலையில் அவளே தாழ்ப்பாளைக் கழற்றிக் கிணற்றில் போட்டாள். வெயில் உச்சிக்கு வந்ததும் அவன் எழுந்து, ஷிப்டுக்குப் போகிறவன்போல் தகரத்துக்குள் போனான். அடுப்படியில் நின்ற அவளுக்குத் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

ஓடி வந்து தகரக் கதவை இழுத்தாள். அது அசையவில்லை.