எட்டு வார்த்தையில் ஒரு கொலை

"ஐயோ... எங்க ஊட்டுக்காரரைக் கொன்னுட்டாங்க!"

மண்டி மொஹல்லா கடைத்தெருவே கடையை விட்டு இறங்கி ஓடி வந்தது.

புளி வியாபாரி லிங்கப்பனின் மனைவி நாச்சம்மாள் வாசலில் நின்று அலறிக்கொண்டிருந்தாள். கையில் ஒரு தந்தி!

பிணம்?

இல்லை. தந்தி மட்டும்தான்.

இன்ஸ்பெக்டர் பசவராஜ் வாங்கிப் படித்தார். 'நாட் வெல். நாட் பாஸிபிள் கம். கிவ் கீ பழனிமுத்து.' உடம்பு சரியில்லை, வர முடியாது, கிடங்குச் சாவியைக் குமாஸ்தா பழனிமுத்துவிடம் கொடு... நேற்று மத்தியானம் பெங்களூரிலிருந்து லிங்கப்பன் அனுப்பியது.

இதில் கொலை எங்கே வந்தது என்று கேட்டார்.

"இது அவரு அனுப்புனது இல்லீங்க. 'அன்', 'இம்'னு முன்னால ஒட்டுனா ஒரு 'நாட்'டுக்குக் காசு மிச்சமாம். அன்வெல், இம்பாஸிபிள்னுதான் அடிப்பாரு. எங்கப்பன் செத்தப்ப அவரு அனுப்புன தந்தியப் பாருங்க."

பார்த்தார். 'அன்எக்ஸ்பெக்டட். இன்கன்வீனியண்ட்.'

அவ்வளவுதான்!

இன்ஸ்பெக்டருக்குப் புல்லரித்தது. இப்படிப்பட்ட மனிதன் இரண்டு 'நாட்' போடுவானா? செத்தாலும் மாட்டான்... ஆக, செத்துத்தான் இருக்கிறான்!

பழனிமுத்து சிக்கினான். முதலாளியோடு பெங்களூர் போனவன், நேற்று சாயங்காலம் தனியாகத் திரும்பியிருக்கிறான்.

"சார்... ஐ ஆம் இன்னொசென்ட்."

"நோடு, இதப் பாரு, 'இன்' போட்டா இல்லைன்னுதானே அர்த்தம்? நீயே ஒத்துக்கிட்டே."

விலங்கு மாட்டினார். பழனிமுத்துவின் கண் முன்னால் தூக்குக்கயிறு ஆடியது. பாவம், கல்யாணமாகி நாலே மாதம்!

கூட்டம் விலகியது.

ரயில் ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்த லிங்கப்பன், வயிற்றைப் பிடித்தபடி உள்ளே நுழைந்தார்.

நாச்சம்மாள் மறுபடி அலறினாள். இந்தத் தடவை, பேய் என்று!

பேதி நின்றதும் முதல் ரயிலைப் பிடித்தாராம். தந்தியும் அவர் கொடுத்ததுதானாம். அப்புறம் எதற்கு ரெண்டு 'நாட்' என்று இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்தார்.

"இப்ப எட்டு வார்த்தை வரைக்கும் ஒரே கட்டணம்னு மாத்திட்டாங்க. ஆறுலயே சேதி முடிஞ்சு போச்சு. மீதி ரெண்டை சர்க்காருக்கு சும்மா உட்டுட்டு வரச் சொல்றீங்களா? அதான் பிரிச்சுப் போட்டேன்."

இன்ஸ்பெக்டர் விலங்கைக் கழற்றினார்.

பழனிமுத்து மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே அழாக்குறையாகக் கேட்டான்.

"உசுரோட இருக்கேன்னு ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாமே முதலாளி..."

"அது ஒம்பதாவது, பழனிமுத்து."