புதுவீட்டுப் பால்

கன்று இன்னும் வாய் வைக்கவே இல்லை. அதற்குள் செவலைக்குப் பால் சுரந்துவிட்டது.

சோனியாவுக்கு இது பிடிக்கவில்லை. கன்று முட்டி முட்டிக் குடித்தால்தான் பால் இறக்குகிற பிடிவாதக்காரி இந்தப் பசு. கன்றோ மூன்றாம் மாடி வராந்தாவிலேயே நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றது. கிரகப்பிரவேச வீடுகளுக்குப் பசுவும் கன்றுமாய் ஓட்டிப்போவதில்தான் அவள் குடியிருக்கும் நீலசந்திராவில் அடுப்பு எரிகிறது. லிஃப்ட் ஏறிப் பழகிய கன்றுக்கு இன்றைக்கு என்ன வந்தது?

"கன்னு வராட்டா போறது. இங்கேயே கறந்துடும்மா, அந்தப் பாலைத்தான் பொங்க வைக்கணும்," என்றார் வீட்டுக்காரர் தேசிகன். "பூஜை பண்ற வாத்தியாரை செக்யூரிட்டி உள்ள விடமாட்டேங்கறான். நான் போய் அழைச்சுண்டு வந்துடறேன்."

"ஜல்தி வந்துடுங்க சார். வூட்ல கொழந்த பாலுக்கு அழுவும்."

லிஃப்ட் இறங்கியது. வெளியே இன்னும் விடியவில்லை. நான்கு மாதப் பிள்ளையைத் தூக்கத்திலேயே விட்டு வந்ததில் அவளுக்கு மார்பு கல்லாய்க் கனத்தது. சட்டென்று கறந்து கொடுத்துவிட்டு ஓடினால் அது விழிப்பதற்குள் போய்விடலாம்.

காம்பில் எண்ணெய் தடவி, சொம்பை முழங்கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு கறக்க ஆரம்பித்தாள். புதுப் பெயின்ட் வாடையும் சாணி வாடையும் கலந்து மூக்கில் ஏற, பித்தளையில் சொர் சொர்ரென்று விழும் சத்தம் காலி ஹாலின் சுவர்களில் பட்டுத் திரும்பியது. கை ஓயும்போதெல்லாம் அதனூடே இன்னொரு சத்தம் கேட்டது. சப், சப். பின்காம்பு ஒன்று தானாக நீண்டு சுருங்கியது. செவலை கழுத்தைத் திருப்பி, அவளுக்குப் பக்கத்தில் இருந்த வெறும் காற்றை வாஞ்சையாக நக்கிக்கொண்டிருந்தது.

வராந்தாவில் கன்று அலறியது.

அவள் வாசல் பக்கம் திரும்பினாள். குறி தவறிப் பால் சொம்புக்கு வெளியே பீய்ச்சியது. ஆனால் தரையில் விழவில்லை. அந்தரத்தில் எதன்மேலோ பட்டு வழிந்தது. சின்ன உருண்டை மண்டை. நெற்றி. ஒரு காது. மூடிய இமை.

கன்று இல்லை. பிள்ளை.

"ஐயோ, வாடி செவல!" எழுந்து கயிற்றைப் பிடித்து இழுத்தாள். பசு அசையவில்லை. மடி வற்றித் துணியாய்த் தொங்கியது. காம்பில் ரத்தம் துளிர்த்தது. பிடி வழுக்கி அவள் சுவரோரம் விழுந்தாள்.

சப்பும் சத்தம் நின்றது.

பிறகு அழுகை. மெல்லிய, பசித்த அழுகை. பிள்ளை பெற்ற உடம்பு அந்தக் குரலைக் கேட்டுவிட்டது. ஜாக்கெட் நனைந்தது. இரு கையாலும் மார்பை அழுத்திப் பிடித்தாள். பால் நிற்கவில்லை.

"வேணாம். இது என் புள்ளைக்கு."

தரையில், பால் ஈரத்தில், சின்ன உள்ளங்கை ஒன்று பதிந்தது. அடுத்து இன்னொன்று. அவள் பக்கமாக.

கத்த வாயைத் திறந்தாள். அதற்குள் அவள் மடியில் ஒரு கனம் ஏறியது. ஜாக்கெட்டின் ஊக்குகள் ஒவ்வொன்றாய்க் கழன்றன. பல்லில்லாத, சில்லிட்ட ஈறுகள்.

அவள் கை, அவளைக் கேட்காமலே, அந்தத் தலையைத் தடவிக் கொடுக்கத் தொடங்கியது.