முன்பே அழுதவர்கள்

பேச்சித்தாய் ஏழு நிமிடத்தில் நான்கு லட்சம் ரூபாயை இழந்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தாள். மண்டல அதிகாரி ஹெப்சிபா அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

"ஒண்ணும் போகலக்கா. பணம் உங்க கணக்குலதான் இருக்கு."

"ஆபீசு பூட்டிக் கெடந்துச்சு மேடம். மகளுக்குப் பீசு கட்ட வழியில்லாம காலேஜ் வாசல்ல நின்னேன். ஒரு வருசம் அலைஞ்சேன். என் மக என்னைய ஒரு பார்வை பாத்தா..." முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அப்படி நடக்காமலும் போகலாம். நடந்தா இப்படித்தான் இருக்கும். இப்ப சொல்லுங்க, நீலவயல் பங்கு வாங்குதியளா, வேண்டாமா?"

பேச்சித்தாய் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் வியாபாரம் செய்பவள். அந்த நான்கு லட்சம் இருபது வருடச் சேமிப்பு. மூக்கை உறிஞ்சிவிட்டு, "வாங்குதேன். பட்டாச்சுல்லா, இனி என்ன பயம்?" என்று கைரேகை வைத்தாள்.

அந்த நாற்காலிக்கு முன்துயரி என்று பெயர். மாநில முதலீட்டாளர் காப்பு ஆணையம் அதைக் கொண்டுவந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்கு முன்பெல்லாம் ஒரு நிறுவனம் மக்களிடம் பணம் திரட்ட வேண்டுமென்றால் முந்நூறு பக்க ஆவணம் ஒன்றைப் பதிவு செய்யும். என்னென்ன வகையில் பணம் போகக்கூடும் என்பதெல்லாம் அதில் பொடி எழுத்தில் இருக்கும். யாரும் படித்ததில்லை. பணம் போன பிறகு ஆணையத்தின் வாசலில் வந்து மாரில் அடித்துக்கொண்டார்கள். படிக்க மாட்டார்கள் என்றால் உணர வைப்போம் என்று ஆணையம் முடிவு செய்தது. இப்போது ஒவ்வொரு நிறுவனமும் தன் இழப்புக் கதையை ஆணையத்திடம் தாக்கல் செய்ய வேண்டும். முன்துயரி அந்தக் கதையை வாங்குபவரின் வாழ்க்கையோடு பொருத்தி, துக்கத்தைத் தாங்கும் மூளைப் பகுதிகளைத் தூண்டி, பணம் போன பிறகு வரும் ஒரு வருடத்தை ஏழு நிமிடத்தில் வாழ வைத்துவிடும். அதில் உட்காராமல் மாநிலத்தில் பொதுமக்கள் யாரும் ஒரு பங்குகூட வாங்க முடியாது.

உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் பங்கு வேண்டாமென்று போய்விட்டார்கள். மீதிப் பேர் தெரிந்தே வாங்கினார்கள். ஆண்டுக்கு மூவாயிரமாக இருந்த புகார்கள் முந்நூறாகி, பதினொன்றாகி, கடைசியில் இல்லாமலே போயின. முன்துயரிக்கான விதிகளை எழுதிய குழுவில் ஹெப்சிபாவும் இருந்தாள். ஒன்பது மாநிலங்கள் அந்த விதிகளை அப்படியே எடுத்துக்கொண்டிருந்தன. தான் செய்த நல்ல காரியம் எதுவென்று யாராவது கேட்டால் அவள் யோசிக்காமல் நாற்காலியைக் காட்டுவாள்.

பேச்சித்தாய் கைரேகை வைத்து ஒன்றரை வருடம் கழித்து, ஒரு புதன்கிழமை காலை ஹெப்சிபா வருடாந்தர ஆய்வுக்காகத் தருவைகுளத்திலிருந்து படகில் கிளம்பினாள். நீலவயல் நிறுவனம் கடலுக்குள் ஆயிரத்து இருநூறு மிதவைகளில் கடற்பாசி வளர்ப்பதாகப் பதிவு செய்திருந்தது. வரைபடத்தில் குறித்திருந்த இடத்துக்குப் போய்ப் படகை நிறுத்தினாள். தெளிந்த நீர். ஒரு மிதவைகூட இல்லை. படகோட்டி சுற்றிலும் பார்த்துவிட்டு, "இங்க பாசி வளத்தாங்கன்னு யாரு மேடம் சொன்னா? நான் பதினஞ்சு வருசமா இந்த வழியிலதான் வலைக்குப் போறேன்" என்றான்.

கரைக்குத் திரும்பி நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனாள். பூட்டில் துருப் பிடித்திருந்தது. எட்டு மாதமாக லாபப் பங்கு வரவில்லை என்று பக்கத்துக் கடைக்காரர் சாதாரணமாகச் சொன்னார். அவரும் அதில் இரண்டு லட்சம் போட்டிருந்தாராம்.

ஹெப்சிபா தன் அலுவலகத்துக்கு ஓடிவந்து கோப்பைத் திறந்தாள். முதலீட்டாளர்கள் நான்காயிரத்து நூறு பேர். புகார் ஒன்றுமில்லை. நிறுவனர் நந்தகோபன் நிறுவனத்தைக் கலைப்பதாக மாதத் தொடக்கத்திலேயே முறைப்படி அறிவித்திருந்தார். முப்பது நாளைக்குள் யாரும் புகார் தராவிட்டால் வங்கியில் இருக்கும் பணம் அவருக்கே சேரும். அந்த முப்பதாவது நாள் வெள்ளிக்கிழமை. நேர்மையான நிறுவனங்களை அதிகாரிகள் தொந்தரவு செய்யக்கூடாது என்பதற்காக, முதலீட்டாளர் ஒருவராவது எழுதிக் கொடுக்காமல் கணக்கை முடக்க முடியாதபடி விதி இருந்தது. அந்த விதியை எழுதியவர்களிலும் அவள் ஒருத்தி.

ஒரே ஒரு கையெழுத்துதானே, நான்காயிரம் பேரில் ஒருவர் கிடைக்க மாட்டாரா என்று நம்பிக்கையோடு துறைமுகத்துக்குப் போனாள்.

பேச்சித்தாய் ஐஸ் கட்டியை மரச் சுத்தியலால் உடைத்துக்கொண்டிருந்தாள். ஹெப்சிபா சொன்னதைக் கேட்டு ஒரு நொடி சுத்தியலை நிறுத்தினாள்.

"போயிட்டா? சரி, போட்டும்."

"என்னக்கா இப்படிச் சொல்லுதிய? நாலு லட்சம்! கடல்ல ஒரு மிதவைகூட இல்ல. உங்கள ஏமாத்திட்டான். இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க, பணத்தை நிறுத்தி வெச்சிரலாம்."

"அன்னைக்கே அழுது முடிச்சாச்சுல்லா மேடம். மூணு மாசம் சோறு எறங்கல. அதெல்லாம் தாண்டி வந்துட்டேன். இனிமே அதைத் தோண்டி எடுக்கச் சொல்லாதிய." சுத்தியல் மறுபடி விழுந்தது. அவள் குரலில் வருத்தமே இல்லை. பழைய காய்ச்சலைப் பற்றிப் பேசுவது போலப் பேசினாள்.

அடுத்து படகு எஞ்சின் பழுது பார்க்கும் அந்தோணிப் பிச்சையிடம் போனாள். ஊரில் சண்டைக்காரர் என்று பெயர் எடுத்தவர்.

"அண்ணாச்சி, ஆறு லட்சம் போட்டிருக்கிய. கோவம் வரலியா?"

அவர் எண்ணெய்க் கையைத் துடைத்தபடி யோசித்தார். "வரணும்தான். தேடிப் பாக்கேன், வர மாட்டேங்குது. நாற்காலில இருந்து எறங்குன அன்னைக்கு வந்துச்சு. வீட்டுல ரெண்டு நாற்காலிய ஒடைச்சேன். அத்தோட முடிஞ்சு போச்சு."

வியாழக்கிழமை மாலைக்குள் அவள் ஐம்பத்து மூன்று வீடுகளுக்குப் போயிருந்தாள். எல்லா வீட்டிலும் காபி கொடுத்தார்கள். யாரும் கையெழுத்துப் போடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆணையர் திருவேங்கடநாதனுக்குப் போன் செய்தாள்.

"சார், ஏழு வருஷமா புகார் குறைஞ்சதுக்குக் காரணம் திருட்டு குறைஞ்சதில்ல. திருடு போனவங்க முன்னாடியே அழுதுட்டாங்க. நந்தகோபனுக்கு இது தெரிஞ்சிருக்கு. அவர் தாக்கல் செஞ்ச இழப்புக் கதையைப் பாத்தீங்களா? எவ்வளவு ஆழமா அழ வைக்க முடியுமோ அவ்வளவு ஆழமா எழுதியிருக்கார்."

"பார்த்தேனே. போன வருஷம் சிறந்த இழப்புக் கதைக்கான விருதை நான்தானே கொடுத்தேன்" என்றார் ஆணையர். பிறகு, "ஹெப்சிபா, புகார் இல்லாம நான் ஒண்ணும் செய்ய முடியாதும்மா" என்றார்.

அவள் போனை வைத்தபோது அலுவலகக் கண்காணிப்பாளர் லெட்சுமணப் பெருமாள் கையைப் பிசைந்துகொண்டு எதிரில் நின்றார்.

"மேடம், ஒண்ணு சொல்லணும். நம்ம ஊழியர் சேமநிதியில இருந்தும் நீலவயல்ல போட்டிருக்காங்க. புகாரே இல்லாத கம்பெனின்னு நம்பித்தான் போட்டது. உங்க பேருல மட்டும் மூணு லட்சத்து இருபதாயிரம் இருக்கு."

"நாம யாரும் நாற்காலில உக்காரலியே?"

"ஆணைய ஊழியர்களுக்கு விலக்கு உண்டுல்லா? நமக்குத்தான் எல்லாம் தெரியுமேன்னு வெச்ச விலக்கு."

ஹெப்சிபாவின் காது மடல்கள் சூடாயின. மூன்று லட்சத்து இருபதாயிரம். கவுண்டரில் உட்கார்ந்து, அழுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துச் சம்பாதித்த பணம். அந்த ஆள் எடுத்துக்கொண்டு போகப் பார்க்கிறான்! கை தானாக மேசையில் ஓங்கி அறைந்தது. பேனா உருண்டு கீழே விழுந்தது. இரண்டு நாளாக ஐம்பத்து மூன்று முகங்களில் தேடிக் கிடைக்காத கோபம் தனக்குள்ளேயே கிடைத்துவிட்டது என்று அவளுக்கு அப்போது விளங்கியது.

"பெருமாள் அண்ணாச்சி, ஒரு புகார்ப் படிவம் எடுங்க."

"அது மூணு வருசமா அச்சடிக்கல மேடம்."

"அப்ப வெள்ளைத் தாள் கொடுங்க."

மதியம் இரண்டு மணிக்கு நீலவயல் கணக்கு முடக்கப்பட்டது.

விசாரணை மதுரைத் தீர்ப்பாயத்தில் நடந்தது. நந்தகோபன் வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை. வெள்ளைச் சட்டையில் அமைதியாக எழுந்து நின்று தானே பேசினார்.

"நான் எதையும் மறைக்கவில்லை ஐயா. பணம் முழுக்கப் போகலாம் என்று சொன்னேன். ஆணையமே அதை உணர்த்தியது. அழுதுவிட்டுச் சம்மதித்தார்கள். நாலாயிரத்து நூறு பேரில் ஒருவருக்கும் குறையில்லை. நாற்காலியில் உட்காராத இந்த அதிகாரிக்கு மட்டும்தான் வலிக்கிறது."

நீதிபதி ஹெப்சிபாவைப் பார்த்தார்.

"நஷ்டத்துக்குத்தான் ஐயா சம்மதிச்சாங்க. புயல்ல மிதவை போகும், பாசியில நோய் விழும், விலை இறங்கும், கடைசியில ஆபீசை மூடுவாங்க. அதுக்குத்தான் அழுதாங்க. மிதவையே போடாம காசை எடுத்துட்டுப் போறதுக்கு நாற்காலில யாரும் அழல, யாரும் சம்மதிக்கவும் இல்ல. வலிக்கலங்கிறதுக்காகத் திருட்டு இல்லன்னு ஆயிடாது. மயக்க மருந்து கொடுத்து அறுத்தாலும் காயம் காயம்தான்."

நான்கு மாதத்தில் தீர்ப்பு வந்தது. வங்கியில் இருந்ததோடு நந்தகோபனின் சொத்துகளையும் விற்று, போட்ட பணத்தை முழுவதுமாக எல்லோருக்கும் திருப்பித் தர வேண்டும். முன்துயரிகளை மறு உத்தரவு வரும்வரை இயக்கக்கூடாது.

பணம் வழங்கும் நாளில் தூத்துக்குடி அலுவலகத்தில் வரிசை தெருமுனை வரை நின்றது. ஹெப்சிபா கவுண்டரில் தானே உட்கார்ந்தாள். இவர்கள் சிரிப்பதைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. முதல் ஆளாகப் பேச்சித்தாய் வந்தாள். ஹெப்சிபா காசோலையை நீட்டினாள்.

"முழுசாவா?" என்றாள் பேச்சித்தாய்.

"முழுசா அக்கா. நாலு லட்சம்."

பேச்சித்தாய் காசோலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது.

"அப்ப நான் எதுக்கு அழுதேன்?"

ஹெப்சிபா கையெழுத்துப் பதிவேட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தாள்.

"கேக்கேன்லா? பணம் எங்கயும் போகல. ஆனா என் மக என்னையப் பாத்த பார்வை? காலேஜ் வாசல்ல நின்ன நிப்பு? இன்னைக்கும் அவ சிரிச்சா எனக்கு அந்த மூஞ்சிதான் தெரியுது. வராத கஷ்டத்தை எனக்குக் கொடுத்தது யாரு? அவனா, நீங்களா?"

குரல் உயர்ந்துகொண்டே போனது. வரிசையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். மூன்றாவதாக நின்ற அந்தோணிப் பிச்சை, "அவ கேக்கது நியாயம்தான! என் வீட்டு நாற்காலிக்கு யாரு பொறுப்பு?" என்று சத்தம் போட்டார். பின்னால் யாரோ ஆமாம் என்றார்கள். தெருமுனை வரை அந்த ஆமாம் போயிற்று.

"ஒரு தாளைக் கொடுங்க. எழுதித் தாரேன்" என்றாள் பேச்சித்தாய்.

இப்போது படிவங்கள் அச்சடித்து வந்திருந்தன. ஹெப்சிபா ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். பேச்சித்தாய் நின்றபடியே எழுதினாள். யார் மீது புகார் என்ற இடத்தில் ஆணையத்தின் பெயர். இழந்த தொகை என்ற கட்டத்தில் நான்கு லட்சம்.

"அந்த நாலு லட்சத்தைத்தான் இப்பக் கையில கொடுத்துட்டேனே அக்கா?"

"இது நந்தகோபன் எடுத்தது. நாற்காலி எடுத்தது எங்க?"

ஹெப்சிபா சட்டத்தில் அதற்கு ஒரு பதில் தேடினாள். முன்துயரியில் உணரும் இழப்பு உண்மையான இழப்புக்கு எல்லா வகையிலும் சமம் என்று அவர்கள் குழுவே எழுதிய வரிதான் நினைவுக்கு வந்தது. அந்த வரியை வைத்துக் கணக்குப் போட்டால் ஆணையம் நான்காயிரத்து நூறு பேருக்கும் பதில் சொல்லியாக வேண்டும். ஒன்பது மாநிலங்களும் சொல்ல வேண்டும்.

எதிரில் பேச்சித்தாய் மூச்சிரைக்க, கண் சிவந்து, எதற்கும் தயாராக நின்றாள். துறைமுகத்தில் பார்த்த அந்த அமைதியான முகம் போயே போய்விட்டது. ஹெப்சிபா முத்திரையை எடுத்து மனுவில் அழுத்திக் குத்தி, எண் போட்டு, ரசீது கிழித்துக் கொடுத்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, அடுத்தவரை வரச் சொன்னாள்.