அல்லியின் இடது கால்

மழை பிடித்துக்கொண்டபோது அச்சகத்தில் குணமாலா ஒருத்திதான் இருந்தாள். "படம் போடுற புள்ள இப்ப வந்துடும், உட்காரும்மா" என்று சொல்லிவிட்டு முதலாளி முனிரத்தினம் சாப்பிடப் போயிருந்தார்.

அவள் முன்பே உட்கார்ந்துவிட்டாள். எங்கே போனாலும் முதலில் நாற்காலியைத் தேடுகிறவள். இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிப்போன இடது காலைப் புடவைக்குள் இழுத்து மறைத்துக்கொள்வாள். கல்லூரியில் தாவரவியல் படித்த மூன்று வருஷமும் ஆய்வுக்கூடத்துக்கு முதல் ஆளாய் வந்து, கடைசி ஆளாய்ப் போனவள்...

வாசலில் ஒரு தும்மல். நிமிர்ந்தாள்.

தலை சொட்டச் சொட்ட ஒருவன் நின்றான். எண்ணெய்த் தாளில் சுற்றிய எதையோ சட்டைக்குள் அணைத்திருந்தான். நனைந்த இமைகளுக்கு நடுவே கண்கள் மட்டும் சிரித்தன... அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"முதலாளி இல்லீங்களா? நான் பரசுராமன். பட்டுப்புடவைக்கு டிசைன் போடுறவன். கொழந்தைங்க புக்குக்குப் படம் கொண்ணாந்திருக்கேன். நீங்க புரூப் பாக்கறவங்களா?"

'இல்லை, எழுதியவள்' என்று சொல்லத்தான் வாய் திறந்தாள். ஏனோ, ஆமாம் என்று தலை ஆடிவிட்டது.

அவன் படத்தை மேஜைமேல் விரித்தான். தாமல் ஏரிக்கரை. கறுத்த வானம். கரை உடையப் போகிறது என்று கத்திக்கொண்டே எதிரே ஓடி வரும் சிறுமி அல்லி. நனைந்த பின்னல், பயமில்லாத கண்கள்... குணமாலா மனசில் பார்த்த அதே முகம்!

பிறகு கால்களைப் பார்த்தாள்.

"ரெண்டு காலும் ஒண்ணாட்டம் இருக்குது!"

"கால்னா ஒண்ணாட்டம்தானே இருக்கும்?"

"கதையைப் படிச்சீங்களா இல்லியா? அல்லிக்கு எடது கால் சூம்பினது. அதை இழுத்துக்கினுதான் அவ்ளோ தூரம் ஓடறா. அது இல்லன்னா அல்லியே இல்ல!"

தன் குரலா இது என்று அவளுக்கே ஆச்சரியம். அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ஐயோ... தொழில் புத்திங்க. புடவையில மயிலோ அன்னமோ, பாதி வரைஞ்சாப் போதும். மறுபாதிக்கு அதையே திருப்பிப் போட்டுடுவோம். கை பாட்டுக்குக் காலையும் திருப்பிப் போட்டுடுச்சு."

வந்த சிரிப்பை அவள் அடக்கிக்கொண்டாள்.

"குணா சார் பார்த்தாருன்னா என்னைத் தொலைச்சுடுவாரு" என்றான்.

"எந்த குணா சார்?"

"கதை எழுதினவருங்க. கதைக்கு மேல போட்டிருக்குதே, 'குணா, பி.எஸ்ஸி.'ன்னு. தில்லான மனுசன். இந்தப் பொண்ணு எதுக்குனா கூச்சப்படறாளா பாருங்க? எழுதினவரு அப்படி இருந்தாத்தான் அது வரும்."

அவளுக்குக் காது மடல் சுட்டது. தில்லா? அல்லியைக் கரை முழுக்க ஓட விட்டுவிட்டு, ஒரு நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூசுகிறவளுக்கா?

மழை விட்டது. விளக்கு வைப்பதற்குள் அவள் வீட்டில் இருக்க வேண்டும். ஜைன வீடு, இருட்டிய பிறகு சோறு கிடையாது. ஆனால் எழுந்தால் நடக்க வேண்டும். நடந்தால் அவன் பார்ப்பான்...

"நீங்க கெளம்பலீங்களா?" என்றாள்.

"எப்படிப் போறது? ஆறு மணி பஸ்ஸுல படம் மெட்ராஸுக்குப் போவணும், அச்சுக்கு பிளாக் எடுக்க. அந்தக் கால் தரையில எப்படிப் படும், ஒடம்பு எந்தப் பக்கம் சாயும்... ஒண்ணும் தெரியலியே." பென்சிலைக் கடித்தான். "பேசாம பாவாடையை நீட்டி மறைச்சுடட்டுங்களா?"

"வேணாம்!"

எழுந்துவிட்டாள்.

இடது முழங்காலைக் கையால் அழுத்திக்கொண்டு நடந்தாள். ஒவ்வொரு அடிக்கும் தோள் ஒரு பக்கம் சரிந்து நிமிர்ந்தது. வாசல் வரை போய், திரும்பி வந்து, சுவரைப் பார்த்து நின்றாள். கன்னம் எரிந்தது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடுவாள்.

"நான்தான் குணா... குணமாலா. பொய் சொல்லிட்டேன். அல்லிக்கு இருக்கற தைரியம் எனக்குக் கெடையாது. பார்த்துட்டீங்கல்ல... வரைங்க."

பென்சில் சத்தமே இல்லை. திரும்பினாள். தாளில் ஒரு கோடுகூட விழவில்லை.

"ஏன் வரையல? பாவமா இருக்குதா?"

"இல்லீங்க." அவன் தரையைப் பார்த்தான். "வெக்கமா இருக்குது."

"வெக்கம் எனக்குத்தான். உங்களுக்கு என்ன?"

"காலைப் பார்த்து வரையணும்னுதான் நெனச்சேன்..." அவன் குரல் இறங்கியது. "மொகத்தையே பார்த்துக்கினு நின்னுட்டேங்க. உள்ள வந்ததுலேர்ந்தே அப்படித்தான்..."

நாற்காலி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் உட்காரவில்லை.

"இன்னொரு தரம் நடக்கறேன்" என்றாள் மெல்ல. "இந்தத் தரமாவது... கொஞ்சம் காலையும் பாருங்க."